பூசியவர் ஒருவர், பொறுத்தவர் இருவர்

இந்தக் கட்டுரையைக் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து எழுதுகிறோம். அதனால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். மருந்து ஒருவருடைய உடம்பில்தான் போனது. ஆனால் அதற்காகக் காத்திருந்தவர்கள் இருவர். எங்கள் பெயரைப் போடவில்லை. எங்கள் மகள் இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறாள். அவளுடைய சிநேகிதிகளின் வீடுகளுக்கும் இந்த இதழ் போகிறது என்பதால் அப்படி முடிவு செய்தோம்.

எழுதத் தூண்டியவர் ஒரு தம்பி. ஈஸ்ற்ஹாமில் ஒரு பிறந்தநாள் விழாவில், சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது மெதுவாக அருகில் வந்தார். இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம்தான்.

"அண்ணை, உங்களுக்கும் அந்த ஓமோன் மருந்து எண்டு கேள்விப்பட்டன். எனக்குத் தந்து அஞ்சு கிழமை. ஒரு மாற்றமும் இல்லை. எறிஞ்சுபோட்டு விடுவம் எண்டு பாக்கிறன்."

நாங்கள் அவரை வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காரில் இருந்து ஒரு மணி நேரம் கதைத்தோம். அவருக்குச் சொன்னதையே இங்கே விரித்து எழுதுகிறோம்.

எப்படித் தொடங்கியது

நாங்கள் 2010இல் இலண்டனுக்கு வந்தோம். கணவருக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. 2016ஆம் ஆண்டளவில் அவருக்குக் களைப்புத் தொடங்கியது. வேலையால் வந்து, போட்ட ஜக்கெற்றையும் கழற்றாமல் கதிரையில் தூங்கிவிடுவார். சனிக்கிழமைகளில் மகளைத் தமிழ்ப் பாடசாலையில் இறக்கிவிட்டு, மற்றப் பெற்றோர் உள்ளே தேநீர் குடித்துக் கதைத்துக்கொண்டிருக்க, இவர் காருக்குள் சீற்றைச் சாய்த்துப் படுத்திருப்பார். தினமும் சவரம் செய்தவர் கிழமைக்கு ஒருமுறை செய்தாலே போதும் என்ற நிலை வந்தது. கணவன் மனைவி உறவும் மெல்ல மெல்ல நின்றுபோனது.

இதைப் பற்றி எங்களுக்குள் ஒரு சொல் கதைக்கவில்லை. மனைவி, தன்னில் விருப்பம் குறைந்துவிட்டது என்று நினைத்தார். வேறு யாரும் இருக்கிறார்களோ என்றும் ஒரு நாள் நினைத்தார். கணவர், வயது போகிறது, இரவு வேலை, ஊரில் பட்ட பாடு, எல்லாம் சேர்ந்து இப்படி ஆக்கிவிட்டது என்று நினைத்தார். கேட்டால், "ஒண்டுமில்லையப்பா, களைப்பு" என்பார். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர் இரண்டு தவறான காரணங்களை வைத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டு வருடம் வாழ்ந்தோம்.

இடையில் ஒரு உறவினர் ஊரிலிருந்து லேகியம் எடுப்பித்துத் தந்தார். போத்தலில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கவில்லை. இரண்டு மாதம் சாப்பிட்டதில் வயிற்றெரிவுதான் மிச்சம். இப்படி விற்கப்படும் சில மருந்துகளில் ஈயம், பாதரசம் போன்றவை பரிசோதனைகளில் அகப்பட்டிருக்கின்றன என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

உண்மையைக் கண்டுபிடித்தது ஒரு கண்ணாடிக் கடை. கார் நிறுத்தும்போது பக்கத்தில் நிற்பது தெரியாமல் இரண்டு முறை இடித்துவிட்டார். கண்ணைப் பரிசோதிக்கப் போனால், அங்கிருந்தவர் இரு பக்கப் பார்வையும் குறைந்திருப்பதைப் பார்த்து, உடனே வைத்தியசாலைக்குக் கடிதம் தந்தார். ஸ்கான் எடுத்தபோது கபச்சுரப்பியில் ஒரு கட்டி. அது பெருத்துக் கண் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. புற்றுநோய் அல்ல. 2018இன் தொடக்கத்தில் மூக்கினூடாகச் சத்திரசிகிச்சை செய்து அகற்றினார்கள். பார்வை திரும்பி வந்தது. ஆனால் சுரப்பி திரும்பி வரவில்லை.

உடம்பில் என்ன குறைந்தது

கபச்சுரப்பி மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் ஒரு சிறு உறுப்பு. சிறிதென்றாலும் மற்றச் சுரப்பிகளுக்கு வேலை சொல்லிக் கொடுப்பது இதுதான். இது பழுதானால் அவை நல்ல நிலையில் இருந்தாலும் கட்டளை வராமல் சும்மா இருந்துவிடும். எங்களுக்கு மூன்று குறைவுகள் என்றார்கள்: கோர்ட்டிசோல், தைரொக்சின், ஆண்களுக்குரிய ரெஸ்ரோஸ்ரெரோன்.

மூன்றையும் ஒன்றாகத் தொடங்கவில்லை. முதலில் கோர்ட்டிசோலுக்குப் பதிலான ஹைட்ரோகோர்ட்டிசோன் குளிசை. பிறகுதான் தைரொக்சின். முறை மாறித் தைரொக்சினை முதலில் கொடுத்தால் கோர்ட்டிசோல் குறைந்த உடம்பு தாங்காது, உயிராபத்தே வரலாம் என்று வைத்தியர் விளக்கினார். ரெஸ்ரோஸ்ரெரோன் கடைசியாகத்தான் வந்தது. 'எல்லாவற்றையும் தந்து கெதியாகச் சுகமாக்குங்கோ' என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்குப் பொறுமையின் முதற் பாடம் அது.

இரத்தப் பரிசோதனையிலும் ஒரு பாடம் இருந்தது. ரெஸ்ரோஸ்ரெரோன் காலையில் கூடி, பின்னேரம் குறையும். ஆகவே காலை 7 மணிக்கும் 11 மணிக்கும் இடையில், முடிந்தால் வெறுவயிற்றில், இரத்தம் எடுக்க வேண்டும். ஒரு முறை குறைவாக வந்தால் போதாது, சில கிழமைகள் விட்டு இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். எங்களுக்கு முதல் இரத்தம் பின்னேரம் 3 மணிக்கு எடுக்கப்பட்டு, அது கணக்கில் சேராமல் போனது. இரவு வேலை செய்கிறவர் என்பதை நாங்களும் சொல்லவில்லை. எம்மவரில் எத்தனையோ பேர் இரவு வேலை செய்கிறோம். அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு ஒரு கிழமை லீவு போட்டு, இரவில் தூங்கி, காலையில் போய்க் கொடுத்தோம். முதல் முறை 2.9, இரண்டாம் முறை 3.1. இந்த நாட்டில் லீற்றருக்கு 8 நனோமோலுக்குக் குறைந்தால் பெரும்பாலும் மருந்து தேவை என்றும், 12க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தேவையில்லை என்றும், இடையில் இருப்போருக்கு அறிகுறிகளைப் பார்த்துச் சில மாதங்கள் கொடுத்துப் பார்க்கலாம் என்றும் வழிமுறை வைத்திருக்கிறார்கள்.

மருமகன் மொழிபெயர்த்த கதை

மருந்து தொடங்கிய நாளில் மொழிபெயர்க்க எங்கள் மருமகனைக் கூட்டிக்கொண்டு போனோம். கணவருடைய அக்காவின் மகன், அப்போது 19 வயது. நல்ல பிள்ளை. வைத்தியர் ஏதோ ஒன்றைக் கேட்டார். பொடியன் முகம் சிவந்து, எங்களிடம் கேட்காமலே "நோ, நோ" என்றான். என்னவென்று கேட்டதற்கு, "ஒண்டுமில்லை மாமா, மருந்து எப்பிடிப் பூசுறதெண்டு சொல்லுறார்" என்றான்.

வைத்தியர் கேட்டது, "இன்னும் பிள்ளைகள் வேண்டுமென்று நினைக்கிறீர்களா?" என்பது.

ஏன் கேட்டார் என்றால், வெளியிலிருந்து ரெஸ்ரோஸ்ரெரோன் கொடுத்தால் விந்தணு உற்பத்தி குறையும், நின்றும்போகலாம். பிள்ளை வேண்டுமென்போருக்கு, கபச்சுரப்பி அனுப்ப வேண்டிய கட்டளையையே ஊசியாகப் போடும் வேறு சிகிச்சை இருக்கிறது. இது எங்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. அந்த முறை வைத்தியசாலையே தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்திருந்தது. வயது போன ஒருவருடைய குரல். அவர் ஒரு வெட்கமும் இல்லாமல், மரியாதையாக, ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே தமிழில் சொன்னார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மனைவி அழுதுவிட்டார்.

அன்றிரவுதான், ஏறக்குறைய மூன்று வருடத்தில் முதல் தடவையாக, நாங்கள் இருவரும் இருந்து கதைத்தோம். கணவருக்கு 44, மனைவிக்கு 39. இரண்டாவது பிள்ளை வேண்டுமா? அந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு காலம் எடுக்கும்? எங்களால் முடியுமா? மூன்று இரவுகள் கதைத்து, மகள் ஒருத்தி போதும் என்று முடிவெடுத்தோம். இன்றும் சில நாட்களில் அது மனதைத் தொடும். ஆனால் அந்த முடிவை எடுத்தவர்கள் நாங்கள். 19 வயதுப் பொடியன் வெட்கத்தில் எடுத்த முடிவாக அது இருந்துவிடவில்லை. அவனில் பிழையில்லை. அவனை அந்த இடத்தில் இருத்தியது எங்கள் பிழை.

இரண்டு அமுக்கா, நான்கு அமுக்கா

எங்களுக்குத் தந்தது தோலில் பூசும் ஜெல். போத்தலின் தலையை ஒரு முறை அமுக்கினால் 20.25 மில்லிகிராம் மருந்து வரும். தினமும் காலையில் இரண்டு அமுக்கு, தோளிலும் மேற்கையிலும் பூச வேண்டும். மூன்றாம் மாதம் இரத்தம் பார்த்து அளவைத் திருத்துவோம் என்றார்கள்.

முதற் கிழமை ஒன்றுமில்லை. இரண்டாம் கிழமையும் ஒன்றுமில்லை. நான்காம் கிழமை ஒரு காலை எழும்பிப் பாட்டுப் போட்டார். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அடுத்த நாள் மீண்டும் பழைய களைப்பு. ஆறாம் கிழமை வந்தபோது இருவருக்கும் பொறுமை போய்விட்டது. உண்மையைச் சொல்வதானால், "வேலை செய்யுதில்லையெண்டால் கூட்டிப் பூசிப் பாருங்கோவன்" என்று சொன்னது மனைவி. அன்றிலிருந்து இரண்டு அமுக்கு நான்காகியது. வைத்தியரிடம் சொல்லவில்லை.

இரண்டு கிழமை நன்றாகத்தான் இருந்தது. பிறகு முதுகெல்லாம் பருக்கள். கணுக்கால் வீக்கம். முகம் சிவந்தது. கோபம் வந்தது. ஒருமுறை சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட, அது நிலத்தில் விழுந்து உடைந்தது. அப்போது ஐந்து வயதாயிருந்த மகள் மேசைக்குக் கீழே போய் இருந்துகொண்டாள். அவளை வெளியே எடுக்க அரை மணி நேரம் சென்றது. பருவும் வீக்கமும் மாறிவிட்டன. அந்த அரை மணி நேரத்தை நாங்கள் மறக்கவில்லை.

மூன்றாம் மாத இரத்தத்தில் அளவு 38. இளைஞர்களுக்கு இருப்பதைவிடவும் கூட. அதைவிட முக்கியமாக, இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 44இலிருந்து 53க்கு ஏறியிருந்தது. ரெஸ்ரோஸ்ரெரோன் சிவப்பணுவைப் பெருக்கும். இரத்தம் தடித்தால் கட்டிபடும் ஆபத்து உண்டு. 54ஐத் தாண்டினால் மருந்தைக் குறைக்க வேண்டும், அல்லது நிறுத்தி வைக்க வேண்டும்.

வைத்தியர் முதலில் கேட்டது, "இன்று காலை எந்தக் கையில் பூசினீர்கள்?" என்பது. ஜெல் பூசிய இடத்தில் ஊசி குத்தினால் கணக்குப் பொய்யாகக் கூடிக் காட்டுமாம். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னோம். அவர் ஏசவில்லை. ஒரு தாளில் கோடு கீறிக் காட்டினார். மருந்து தோலினூடாகப் போய் இரத்தத்தில் நிலைக்குச் சில நாட்கள்தான் எடுக்கும். ஆனால் உடம்பு அந்த மருந்தைக்கொண்டு தன்னைத் திருத்தி எழுப்ப மாதங்கள் எடுக்கும். விருப்பம் பெரும்பாலும் மூன்றாம் கிழமையளவில் தொடங்கும். மனநிலை மூன்று முதல் ஆறு கிழமை. ஆண்மைச் செயற்பாடு சீராக ஆறு மாதம்வரை செல்லலாம். தசையும் பலமும் மூன்று, நான்கு மாதத்தில் தொடங்கி ஒரு வருடம்வரை. எலும்பு பலப்படுவது வருடக்கணக்கில். சிவப்பணுவோ மூன்று மாதத்திலேயே ஏறத் தொடங்கிவிடும். "நன்மைக்கு அவசரப்பட்டால் தீமைதான் முதலில் வந்து சேரும்" என்றார்.

திரும்ப இரண்டு அமுக்குக்கு வந்தோம். ஆறு கிழமை கழித்துப் பார்த்தால் அளவு 9. அப்போது வைத்தியரே மூன்று அமுக்காகக் கூட்டினார். அடுத்த முறை 16. சிவப்பணு 48க்கு இறங்கிவிட்டது. அந்த மூன்றுதான் எங்களுக்குரிய அளவு. இரண்டு போதாது என்று எங்களுக்குத் தோன்றியது சரியாகத்தான் இருந்தது. நான்கு என்று முடிவெடுத்ததுதான் பிழை. பேசாமல் பொறுத்திருந்தால் மூன்றாம் மாதத்திலேயே இரண்டிலிருந்து மூன்றுக்கு வந்திருப்போம். அவசரப்பட்டதால் ஐந்து மாதம் சென்றது.

கணவருடைய தகப்பனார் ஊரில் மிளகாய்த் தோட்டம் செய்தவர். நட்ட கன்று வேர் பிடிக்க முன்னர் உரம் போட்டால் கன்று எரிந்துபோகும் என்று அவர் சொல்வதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை இவர். தோட்டத்தில் தெரிந்தது தன் உடம்பில் தெரியாமல் போய்விட்டது.

பழைய கதையொன்று

இந்த அவசரம் புதிதல்ல. மொரீஷியஸ் தீவில் பிறந்து, இலண்டன் குவீன் ஸ்குயர் வைத்தியசாலையிலும் பணியாற்றிய பிரவுன் செக்கார் என்ற பெரிய வைத்திய விஞ்ஞானி, 1889இல் தனது 72ஆவது வயதில், மிருகங்களின் விதையிலிருந்து எடுத்த சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது என்று பாரிஸில் அறிவித்தார். உலகமெங்கும் அந்தச் சாற்றுக்கு ஆட்கள் ஓடினார்கள். உண்மையில் தண்ணீரில் எடுத்த அந்தச் சாற்றில் ரெஸ்ரோஸ்ரெரோன் பேருக்குக்கூட இருக்கவில்லை. அவர் உணர்ந்தது நம்பிக்கையின் வேலை. இன்றும் மூன்றாம் நாளே 'நல்ல சுகம்' என்று சொல்பவரை வேலை செய்விப்பது அதே நம்பிக்கைதான். அது நாலு நாளில் ஓய்ந்ததும் மருந்தைக் குறை சொல்கிறோம்.

ரெஸ்ரோஸ்ரெரோனைத் தனியாகப் பிரித்தெடுத்தது 1935இல், ஆம்ஸ்ரர்டாமில். அதே ஆண்டு புட்டெனாண்ட், ருசிச்கா என்ற இரு விஞ்ஞானிகள் அதைச் செயற்கையாகவும் செய்து காட்டினார்கள். 1939ஆம் ஆண்டின் இரசாயனத்துக்கான நோபல் பரிசு இவ்விருவருக்கும் உரியது. 1937இல் இங்கே இலண்டனில் ரூத் டீன்ஸ்லி, அலன் பார்க்ஸ் என்ற இருவர், ஓமோனைக் குளிசையாக்கி மிருகங்களின் தோலுக்கடியில் வைத்தால் அது மெல்ல மெல்லக் கரைந்து நீண்ட நாள் வேலை செய்யும் என்று காட்டினார்கள். ஒரேயடியாகக் கொடுப்பதைவிடச் சிறிது சிறிதாகக் கொடுப்பது நல்லது என்பதை அப்போதே கண்டிருக்கிறார்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஜெல் பூசும் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் மிகக் கவனம் தேவை. பூசிய தோலில் பிள்ளை முட்டினால், அல்லது பூசியவர் கழற்றிய சட்டையில், துவாயில் பிள்ளை முகம் துடைத்தால் மருந்து பிள்ளைக்குப் போகும். சிறு பிள்ளைகளுக்கு வயதுக்கு முந்திய பருவமாற்றங்கள் வரலாம் என்று இந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 ஜனவரியில் எச்சரித்தது. கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. எங்கள் மகள் தகப்பனின் தோளில் ஏறி வளர்ந்தவள். ஆகவே பூசி, காயவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முழுக்கைச் சட்டை போட்ட பிறகுதான் அவளைத் தூக்குவது என்று விதி வைத்தோம்.

இன்னொன்று, எங்கள் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டியது. ஜெல்லில் மதுசாரம் இருக்கிறது, தீப்பற்றும். குளித்துவிட்டு ஜெல் பூசி, ஈரம் காயமுன்னர் சுவாமி விளக்குக் கொளுத்தவோ, கற்பூரம் ஏற்றவோ போகாதீர்கள். நாங்கள் விளக்கை முதலில் கொளுத்தி, பிறகு ஜெல் பூசுவதாக மாற்றிக்கொண்டோம்.

2019இல் ஜெல்லை விட்டு ஊசிக்கு மாறினோம். வேலை நேரம் மாறி மாறி வந்ததில் பூச மறந்துபோனதுதான் காரணம். இது ஆமணக்கெண்ணெயில் கலந்த மருந்து. இடுப்புக்குக் கீழே தசையில், இரண்டு நிமிடம்வரை எடுத்து மெதுவாக ஏற்றுவார்கள். முதல் ஊசிக்கு ஆறு கிழமையில் இரண்டாவது, பிறகு 10 முதல் 14 கிழமைக்கு ஒன்று. இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை போடும் வேறொரு ஊசியும் உண்டு. அது கச்சான் எண்ணெயில் செய்தது. கச்சான் ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஊசியிலும் அளவு திருத்துதல் உண்டு. ஆனால் திருத்துவது பெரும்பாலும் இடைவெளியைத்தான். எங்களுக்கு 12 கிழமை என்று தொடங்கினார்கள். கடைசி இரண்டு கிழமை பழைய களைப்புத் தலைகாட்டியது. இந்த முறை நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்தோம்: தூக்கம் எப்படி, மனம் எப்படி, வேலை எப்படி. அடுத்த ஊசிக்குச் சற்று முன்னர் இரத்தம் எடுத்தார்கள். கொப்பியையும் காட்டினோம். 11 கிழமையாக்கினார்கள். அந்த ஒரு கிழமைதான், எல்லாம் சரியாகிவிட்டது.

புதிதாக வந்தவர்களுக்குச் சில சொற்கள்

உங்களுக்கு எந்த விசா என்றாலும், அகதி விண்ணப்பம் முடிவாகாவிட்டாலும், ஜீ.பி.யிடம் பதியலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று பதியும்போதே சொல்லுங்கள். அதற்குக் காசில்லை. ஆண் வேண்டும், பெண் வேண்டும் என்றும் கேட்கலாம். சொந்தப் பிள்ளையையோ மருமகனையோ இந்த விடயத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கு ஒரு மருந்துக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. 2024 மே மாதம் அது 9 பவுண் 90 பென்ஸ் ஆனது. கபச்சுரப்பிக் குறைவு, குளிசையோ ஊசியோ எடுக்கும் நீரிழிவு, தைரொக்சின் தேவைப்படும் நோய் முதலியவை உள்ளவர்கள் விலக்குப் பத்திரம் பெற்றால் எல்லா மருந்தும் இலவசம். வருமானம் குறைந்தவர்களுக்கு வேறு பத்திரம் இருக்கிறது. எங்களுக்கு இது தெரியாமல் ஏழு மாதம் காசு கட்டினோம்.

களைப்பெல்லாம் ரெஸ்ரோஸ்ரெரோன் குறைவு அல்ல. இரத்தச்சோகை, தைரொயிட், நீரிழிவு, வைற்றமின் டி குறைவு, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். போர் பார்த்து வந்த எமக்குக் கடைசி இரண்டும் அதிகம். பரிசோதிக்காமல் ஜிம்முக்குப் போகும் பொடியன்களிடம் ஊசி வாங்கிப் போடாதீர்கள். இதயம் பற்றிக் கவலைப்படுவோருக்கு: அமெரிக்காவில் 5,000க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்துச் செய்து 2023இல் வெளியான ஆய்வில், உண்மையில் குறைவு உள்ளவர்களுக்குக் கண்காணித்துக் கொடுத்தபோது மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை. ஆனால் இதயத்துடிப்பு ஒழுங்கீனமும், நுரையீரலில் இரத்தக்கட்டியும் சற்றுக் கூடின. ஆகவே கண்காணிப்பு இல்லாமல் இந்த மருந்து கூடாது. மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களிலும், பிறகு வருடந்தோறும் இரத்தம் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்குப் புரஸ்ரேற் சுரப்பியையும் கவனிப்பார்கள்.

கபச்சுரப்பி நோயாளர்கள் ஹைட்ரோகோர்ட்டிசோனை மட்டும் ஒருநாளும் தாங்களாக நிறுத்தக்கூடாது. காய்ச்சல் வந்தால் அதைக் கூட்டும் விதியையும், அவசர அட்டையையும் கேட்டு வாங்கி வைத்திருங்கள்.

கடைசியாக, மனைவிமாருக்கு ஒன்று. உங்களில் விருப்பம் குறைந்துவிட்டது என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கேளுங்கள். கணவன்மாரே, 'ஒண்டுமில்லை' என்று சொல்லாதீர்கள். எங்களுக்கு மருந்து திருத்தியது பாதி. மீதியைத் திருத்தியது அந்த மூன்று இரவுகள் கதைத்த கதைதான்.

அந்தத் தம்பி ஜெல்லை எறியவில்லை. மூன்றாம் மாதம் வைத்தியரைப் பார்த்து, அளவு திருத்தி, இப்போது பரவாயில்லை என்று தொலைபேசியில் சொன்னார். போன சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலையில் அவரைக் கண்டோம். மகனை இறக்கிவிட்டு உள்ளே வந்து, எங்களோடு இருந்து தேநீர் குடித்தார். கணவருக்கு அடுத்த ஊசிக்கு இன்னும் நாலு கிழமை இருக்கிறது. கொப்பி மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.